ஓரத்து ரோட்டுல ஜீப் கரச்சல் குடுத்தா: அறிகுறி பாத்து சரி பண்ற வழி

இலங்கை மலையகத்துல ஒஹியாவுல இருந்து உடவேரியா தோட்டம் வழியா களுபஹனைக்கு எறங்கற டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ், டம்பேதன்னையில இருந்து லிப்டன் சீட்டுக்கு சுத்திப்போற தோட்ட ரோடு, பூனாகலை பக்கம், அந்தப் பக்கம் ஹுன்னஸ்கிரியாவுல இருந்து லூல்வத்தை, கோர்பட்ஸ் கேப் தாண்டி மீமுரை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்னு போற இந்த ரோடுங்கள்ல வண்டி நின்னுபோய் கராஜுக்கு கோல் எடுக்கறவங்க சொல்றது பெரும்பாலும் ஒரே ஏழெட்டு கரச்சல்தான். உயரமான ஜீப்பு, டபுள் கெப்னு கொண்டு போயும் அதேதான் நடக்குது, ஏன்னா உயரம் கல்லுல இடிபடாம காப்பாத்தும், எறக்கத்துல பிரேக்கையும் ஓரத்துல மண்ணையும் காப்பாத்தாது.

அதனால அறிகுறி வாரியா எழுதுறேன். செலவில்லாதத முதல்ல பாருங்க, செலவு கூடினது கடைசி.

எதுவா இருந்தாலும் முதல்ல இது

வண்டிக்கு என்னன்னு பாக்க முன்னுக்கு வண்டி எங்க நிக்குதுன்னு பாருங்க. மலைப்பக்கமா ஒதுக்கி, ஸ்டியரிங்க மலைப்பக்கமே திருப்பி வைங்க, உருண்டாலும் மலைப்பக்க கானுக்குள்ளதான் (தண்ணி வடியற வாய்க்கால்) போய் விழும். கியர்ல விட்டு, எறக்கத்துப் பக்கம் ரெண்டு வீலுக்கும் பெரிய கல்லு முட்டு குடுங்க. முட்டுக்குன்னே வண்டியில ரெண்டு மரக்கட்ட வச்சிருந்தா நல்லது, மழை நாள்ல ரோட்டுக் கல்லு வழுக்கும். ஆளுங்க மலைப்பக்கக் கதவால எறங்கி வண்டிக்கு முன்னாலயும் நிக்காம பின்னாலயும் நிக்காம தள்ளி நிக்கட்டும். முடக்குல மாட்டிக்கிட்டா ஒருத்தர் கொஞ்சம் மேல போய் நிக்கணும், கொழுந்து லொறிக்காரங்களுக்கு பழகின ரோடு, வேகமா வருவாங்க.

போகும்போதே எந்த முடக்குல போனுக்கு சிக்னல் கெடைக்குதுன்னு பாத்துக்கிட்டே போங்க, பொறகு தேடி அலையாம நேரா அங்க நடக்கலாம்.

பிரேக் சரியா பிடிக்கல

இதுதான் இந்த ரோட்டுல ஆள கொல்ற கரச்சல், அதனால கொஞ்சம் நீட்டாவே சொல்றேன்.

மிதிச்சா மெத்துன்னு உள்ள போகுது, ரெண்டு மூணு தரம் பம்ப் பண்ணினா கொஞ்சம் மேல வருது

பெரும்பாலும் பிரேக் ஒயில் கொதிச்சிருக்கு. ரெண்டாவது, மூணாவது கியர்ல விட்டு பிரேக்லயே கால வச்சு எறங்கினா இதுதான் வரும். புது டொட் 3 ஒயில் 205 டிகிரி வரைக்கும் தாங்கும், ஆனா அது காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், பழசாகி தண்ணி சேர்ந்துட்டா 140லயே கொதிக்கும். நம்ம பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தலன்னா நம்பி எறங்க ஏலாது.

செய்ய வேண்டியது: பம்ப் பண்ணி பம்ப் பண்ணி வண்டிய நிப்பாட்டுங்க, கியர குறைச்சுக்கிட்டே வாங்க, மேற்சொன்ன மாதிரி முட்டு குடுங்க. அரை மணித்தியாலமாவது ஆற விடுங்க. சூடான டிஸ்க்குலயோ டிரம்லயோ தண்ணி ஊத்தாதீங்க, வளஞ்சு போகும், வெடிக்கவும் செய்யும். ஆறினதும் மிதி பழையபடி இறுக்கமா வந்தா, லோ ரேஞ்சுல (நாலு வீல் வண்டியில இழுவை கூடின, மெதுவான கியர் வரிசை) ஒண்ணாவது கியர் போட்டு, கிளட்ச்சுல கால் வைக்காம மெதுவா எறங்கலாம். ஒட்டோ கியரா இருந்தா லோ ரேஞ்ச் போட்டு கியர "L"ல வைங்க.

ஆறினப் பொறகும் மெத்துன்னே இருந்தா பிரேக் ஒயில் டேங்க தெறந்து பாருங்க. மட்டம் குறைஞ்சிருக்கா? நாலு வீலுக்கும் உள்பக்கம் கைய விட்டு தடவிப் பாருங்க, எண்ணெய் ஈரம் இருந்தா ஹோஸோ வீல் சிலிண்டரோ போயிருக்கு. கல்லு தட்டி ஹோஸ் கிழிஞ்சு வர்றது இந்த ரோட்டுல சாதாரணம். மட்டமும் சரி, எங்கயும் கசிவும் இல்ல, ஆனா காலு மெதுவா உள்ள போய்க்கிட்டே இருக்குன்னா மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ள போயிருக்கு. இந்த ரெண்டுலயும் வண்டி அந்த எடத்த விட்டு ஒரு அடி நகரக்கூடாது, மெக்கானிக் பாஸ் மேல வரணும். "மெதுவா உருட்டிக்கிட்டு போயிரலாம்ணே"ன்னு கூட வர்ற யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க.

மிதி கல்லு மாதிரி இறுக்கமா இருக்கு, ஆனா வண்டி நிக்கல

எஞ்சின் ஓடுதான்னு முதல்ல பாருங்க. டீசல் மிச்சம் பிடிக்கணும்னு எறக்கத்துல எஞ்சின நிப்பாட்டிட்டு உருட்டுறவங்க இன்னும் இருக்காங்க. எஞ்சின் நின்னா, மிதிக்கு பலம் குடுக்கற பிரேக் பூஸ்டரும் போச்சு, பவர் ஸ்டியரிங்கும் போச்சு. எஞ்சின் ஓடியும் இப்படின்னா, நிப்பாட்டின எடத்துல எஞ்சின ஓஃப் பண்ணி நாலஞ்சு தரம் மிதிங்க, கால எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. மிதி கொஞ்சம் கீழ எறங்கினா பூஸ்டர் நல்லா இருக்கு, அப்ப பேட் சூடேறி பிடி விட்டுருக்கு, கருகின வாசமும் வரும், ஆற விட்டா போதும். எறங்கலன்னா பூஸ்டருக்கு போற வெக்கியூம் ஹோஸ் கழண்டிருக்கா, வெடிச்சிருக்கான்னு பாருங்க. கழண்டிருந்தா திரும்ப மாட்டலாம். ஹோஸ் சரியா இருந்தும் எறங்கலன்னா பூஸ்டரோ வெக்கியூம் பம்ப்போ, அது கராஜ் வேல.

தண்ணிக்குள்ள போய் வந்த பொறகு பிடிக்கல

டிரம்முக்குள்ள தண்ணி. சமமான எடத்துல மெதுவா ஓட்டிக்கிட்டே லேசா மிதிச்சு மிதிச்சு காய வைங்க. ஓடைய தாண்டினதும் எறக்கம் வர்ற எடம் நெறைய இருக்கு, எறங்க முன்னுக்கே ஒருக்கா மிதிச்சுப் பாத்துருங்க.

ஹேண்ட் பிரேக்க நம்பலாமா?

பழைய லேண்ட் ரோவர் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. அதுல ஹேண்ட் பிரேக் வீல பிடிக்காது, பின்னுக்கு போற ஷாஃப்டத்தான் பிடிக்கும். பின் வீல் ஒண்ண ஜேக் போட்டு தூக்கின ஒடனே வண்டி உருளும். முட்டு இல்லாம தூக்கவே வேணாம்.

பள்ளப்பக்க வீல் ஓரத்துல எறங்கிருச்சு

எதிர்ல வண்டி வந்து ஒதுங்கும்போதுதான் இது பெரும்பாலும் நடக்கும். நம்ம பக்கம் ஏத்தத்துல வர்ற வண்டிக்குத்தான் வழி, எறங்கறவர்தான் நின்னு குடுக்கணும், ஆனா அதுக்காக பள்ளப்பக்கம் ஒதுங்கணும்னு இல்ல. மலைப்பக்கம் கானுக்கு ஒட்டி நிப்பாட்டுங்க, இல்ல அகலமான எடம் வர்ற வரைக்கும் பின்னுக்கு போங்க. ஓரத்துல பச்சப்பசேல்னு புல்லு மூடி இருக்கும், அடியில மண்ணு இருக்கான்னு மேல இருந்து தெரியாது. 2025 நவம்பர் டித்வா புயலுக்கு பொறகு மலையகத்துல பல ரோட்டோட ஓரம் அடியில அரிச்சுப்போய்க் கெடக்கு, மேல தார் மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது.

எறங்கின அந்த நிமிஷம் எக்ஸிலேட்டர மிதிக்கவே மிதிக்காதீங்க. வீல் சுத்தச் சுத்த மண்ணத் தோண்டி இன்னும் கீழதான் போகும். பிரேக்ல காலு, எஞ்சின் ஓஃப், கியர்ல விடுங்க.

ஆளுங்க எறங்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. பயத்துல மலைப்பக்கம் உக்காந்தவங்க எல்லாம் ஒரே தரமா குதிச்சிட்டா பாரம் முழுக்க பள்ளப்பக்கம் போயிரும். பள்ளப்பக்கம் இருக்கவங்க முதல்ல மலைப்பக்கமா நகர்ந்து வரட்டும், அதுக்குப் பொறகு ஒவ்வொருத்தரா மலைப்பக்கக் கதவால எறங்கணும். வலதுபக்கம் பள்ளம்னா டிரைவரும் இடதுபக்கத்தாலதான். பேக், தண்ணிக் கேன் எல்லாம் அப்படியே கெடக்கட்டும், பொறகு எடுக்கலாம்.

எறங்கினதும் குனிஞ்சு பாருங்க.

வீல் மட்டும்தான் தொங்குது, ரோடு உடையாம இருக்கு, மத்த மூணு வீலும் நல்லா நிக்குது: இத நீங்களே எடுக்கலாம். கயித்த மலைப்பக்கம் தடிச்ச மரத்துல, டர்பன்டைனோ சவுக்கோ, வேர் கிட்ட கட்டுங்க, மறு முனைய வண்டியோட சேஸிஸ்ல கட்டுங்க, பம்பர்ல இல்ல. இது வண்டி மேல போக இல்ல, கீழ போகாம இருக்க. எறங்கின வீலுக்கு அடியில கல்லு அடுக்கி, லோ ரேஞ்ச், நாலு வீல் போட்டு, ஸ்டியரிங்க மலைப்பக்கம் கொஞ்சமா திருப்பி, வந்த வழிக்கே பின்னுக்கு எடுங்க. முன்னுக்கு என்ன இருக்குன்னு தெரியாது, பின்னுக்கு ரோடு தாங்கிச்சுன்னு தெரியும். டிரைவர் மட்டும்தான் உள்ள, பெல்ட் போட்டு.

வயிறு தரையில உக்காந்திருச்சு: இன்னொரு வண்டி இழுக்கணும். தோட்டத்துல டிரெக்டர் இருக்கும், ஆபீஸ்லயோ டிவிசன்லயோ போய் கேளுங்க, மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. இழுக்கும்போது கயித்துக்கு நடுவுல ஈரச் சாக்கு போடுங்க, அத்து வந்தா வேகம் குறையும். கயிறு நீளத்துக்கு ஒருத்தரும் பக்கத்துல நிக்கக்கூடாது, போட்டோ எடுக்கறவங்களும்தான்.

ரெண்டு வீல் பள்ளத்துல, இல்ல நீங்க பாக்கும்போதே மண்ணு உதுருது, இல்ல ரோட்டுல வண்டிக்கு நேரா வெடிப்பு விழுந்திருக்கு: தொடாதீங்க. உள்ள திரும்ப ஏறாதீங்க, போன் எடுக்கக்கூட. கிரேன் வச்சிருக்கவங்களக் கூப்பிடுங்க, வர நேரமாகும், செலவும் கூடத்தான், ஆனா அது மட்டும்தான் வழி. யாருக்காவது அடி பட்டிருந்தா அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

டெம்பரேச்சர் முள்ளு ஏறுது

தண்ணி 100ல கொதிக்கும்னு படிச்சிருப்போம். ஒஹியா ஸ்டேஷன் 1,770 மீற்றருக்கு மேல, அந்த உயரத்துல 94 டிகிரியிலயே கொதிச்சிரும். ரேடியேட்டர் மூடி பிரஷர் பிடிச்சு வச்சாத்தான் 110 தாண்டியும் கொதிக்காம இருக்கும். அதனால கீழ பண்டாரவளையில ஓடும்போது தெரியாத மூடி ரப்பர் கரச்சல் மேல வந்து தெரியும்.

சூட்டோட மூடிய தெறக்காதீங்க. மொகம் வெந்துபோனவங்கள பாத்திருக்கேன். பொனட்ட தெறந்து, எஞ்சின ஐடில்ல ரெண்டு நிமிஷம் விட்டு, ஆவி வந்தா மட்டும் ஒடனே ஓஃப் பண்ணுங்க.

ஏத்தத்துல மட்டும் ஏறுது, நின்னா எறங்குது: ரேடியேட்டருக்கு முன்னுக்கு சேறும் புல்லும் அடைச்சிருக்கும், ஆறினப் பொறகு உள்பக்கம் இருந்து வெளிய தண்ணி அடிச்சு கழுவுங்க. ரெண்டாவது காரணம், ஹை ரேஞ்சுலயே ஏத்தறது, லோ போடுங்க, ஏசிய ஓஃப் பண்ணுங்க. மூணாவது பேன் பெல்ட் தளர்ந்திருக்கா. அதுக்கும் சரி வரலன்னா பேன் கிளட்ச், அது மாத்தணும்.

நின்னாலும் எறங்கல: தண்ணி குறைஞ்சிருக்கும். ஹோஸ் வெடிப்பா, கிளிப் தளர்வான்னு பாருங்க, ஹோஸ் நுனியில வெடிச்சிருந்தா வெட்டிட்டு திரும்ப மாட்டலாம். ஆறின பொறகு ஊத்துங்க, எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்க, கொஞ்சம் கொஞ்சமா. ஓடைத் தண்ணி அவசரத்துக்கு பரவால்ல, கீழ வந்து கழுவி கூலன்ட் போடணும்.

மூடி தெறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணினா தண்ணிக்குள்ள குமிழி வந்துக்கிட்டே இருக்கா, பொக வெள்ளையா போகுதா, ஒயில் பால்தேத்தண்ணி நெறத்துல இருக்கா? ஹெட் கேஸ்கட். அதுக்கு மேல ஓட்டினா எஞ்சினே போகும், இழுத்துத்தான் கொண்டு போகணும்.

நாலு வீலும் இழுக்கல

வண்டி கெட்டுப்போச்சுன்னு சொல்றதுல பாதி, லிவர் முழுசா விழாததுதான். லோ போடணும்னா வண்டிய நிப்பாட்டி, கிளட்ச்ச முழுசா மிதிச்சு, ஒட்டோவா இருந்தா நியூட்ரல்ல வச்சு போடணும். விழலன்னா அரை அடி முன்னுக்கு பின்னுக்கு உருட்டிப் பாருங்க.

லிவர் விழுந்துருச்சு, டேஷ்போர்டுல நாலு வீல் லைட்டும் எரியுது, முன் வீல் சுத்தல: முன் வீல் நடுவுல கையால திருப்பற லொக் இருக்க வண்டின்னா ரெண்டு பக்கமும் லொக்ல இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் திருப்பிட்டு மறந்துட்டு வர்றவங்க நெறைய.

லைட் மின்னிக்கிட்டே இருக்கு: பழைய பஜேரோவுல இது அடிக்கடி. முன் எக்ஸலுக்கு போற வெக்கியூம் ஹோஸ் கிளையில மாட்டி கழண்டிருக்கும், படுத்து பாத்தா தெரியும். மாட்டியும் மின்னினா அங்கயே மல்லுக்கட்ட வேணாம், ஏத்தத்த விட்டுட்டு திரும்பிருங்க, ஊருக்குள்ள போய் பாத்துக்கலாம்.

எல்லாம் சரி, ஆனா ஒரே எடத்துல சுத்துது: டயர் காத்த 32ல இருந்து 22 பிஎஸ்ஐ வரைக்கும் எறக்குங்க. 20க்கு கீழ வேணாம், நம்ம ரோடு கூரான கல்லு, சைட் வோல் கிழிஞ்சிரும். தார் ரோட்டுல ஏற முன்னுக்கு திரும்ப அடிச்சிருங்க, நாலு வீல் லிவரையும் எடுத்துருங்க. தார்ல நாலு வீல் போட்டு முடக்கு திருப்பினா கியர் பெட்டியில இறுகிக்கும், அப்ப லிவர் வெளிய வராது. கொஞ்சம் நேரா பின்னுக்கு எடுத்தா பெரும்பாலும் விட்டுரும்.

ஏத்தத்துல பாதியில நின்னுபோச்சு

கிளட்ச்ச மிதிச்சிட்டு உருள விடாதீங்க. பிரேக்க இறுக்கி மிதிச்சு, ரிவர்ஸ் கியர் போட்டு, லோவுல, கிளட்ச்ச முழுசா விட்டுட்டு, சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே பிரேக்க மெதுவா விடுங்க, எஞ்சினே வண்டிய பிடிச்சு மெதுவா பின்னுக்கு எறக்கும். புது வண்டியில கிளட்ச் மிதிக்காம ஸ்டார்ட் ஆகாது, அதுல கிளட்ச்ச மிதிச்சு ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்ச முழுசா விட்ட பொறகுதான் பிரேக்க விடணும். நேரா பின்னுக்கு. பாதி ஏத்தத்துல குறுக்கால திருப்பப் பாத்தாத்தான் வண்டி கவுறும்.

கிளட்ச் கருகின வாசம் வந்தா இருவது நிமிஷம் ஆற விடுங்க. ஆறின பொறகும் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறலன்னா பிளேட் முடிஞ்சுபோச்சு, எறக்கத்துப் பக்கமா திரும்பிப் போறதுதான் மிச்சம்.

கீழ இருந்து சத்தம்

கீச்சுன்னு இரும்ப உரசற சத்தம்: பயப்பட வேணாம், பிரேக் டிஸ்க்குக்கும் தகடுக்கும் நடுவுல சின்னக் கல்லு. கொஞ்சம் பின்னுக்கு எடுத்தா விழுந்துரும். விழலன்னா ஸ்குரூ டிரைவரால தகட லேசா நெம்பி விடுங்க.

டங்குன்னு பள்ளத்துல மட்டும்: சைலன்சர் பட்டி அத்துருக்கும், கம்பியால கட்டிக்கலாம். இல்ல பின் ஸ்பிரிங் பட்டையில ஒண்ணு உடஞ்சிருக்கும், வண்டி ஒரு பக்கம் சாஞ்சு நிக்குதான்னு தள்ளி நின்னு பாருங்க. மெயின் பட்டை உடஞ்சிருந்தா எக்ஸலே பின்னுக்கு நகரும், ஓட்டக்கூடாது.

கியர் போட்டதும், விட்டதும் ஒரு டக்: ஷாஃப்ட் குரோஸ் ஜொயின்ட். முட்டு குடுத்துட்டு ஷாஃப்ட கையால ஆட்டிப் பாருங்க, ஆட்டம் தெரிஞ்சா மெதுவா போய் ஒடனே மாத்துங்க, எறக்கத்துல ஷாஃப்ட் கழண்டா எஞ்சின் பிரேக்கிங்கும் அதோட போச்சு.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குது

டயர் காத்து, அடுத்து வீல் நட்டு. பொறகு முன்னுக்கு படுத்து டை ரொட்ட பாருங்க, கல்லுல அடிச்சு வளஞ்சிருந்தா முன் வீல் ரெண்டும் ஒரே பக்கம் பாக்காது. லேசான வளைவுன்னா நடக்கற வேகத்துல பக்கத்து தோட்டம் வரைக்கும் போகலாம். முனையில இருக்க போல் ஜொயின்ட் ஆடினா ஒரு அடியும் போகாதீங்க, இந்த ரோட்டுல அது கழண்டா வண்டி எந்தப் பக்கம் போகும்னு டிரைவர் கையில இல்ல.

ஸ்டார்ட் ஆகல

குலுக்கல்ல பெட்டரி டேர்மினல் தளர்ந்திருக்கும், கையால ஆட்டிப் பாத்து இறுக்குங்க. செல்ப் நல்லா சுத்துது, பிடிக்கலன்னா டீசல் பில்டருக்கு அடியில தண்ணிய வடிச்சிட்டு கை பம்ப்ப இறுகற வரைக்கும் அடிங்க. இதுக்கு மேல கராஜ்தான். எறக்கத்துல தள்ளி ஸ்டார்ட் பண்ற யோசனைய மட்டும் விட்டுருங்க, எஞ்சின் பிடிக்கலன்னா பூஸ்டர் இல்லாம எறக்கத்துல உருண்டுக்கிட்டு இருப்பீங்க.

வண்டி நல்லா இருக்கு, ரோடுதான் சரியில்ல

இதையும் ஒரு அறிகுறியாத்தான் எடுத்துக்கணும். ரோட்டுக்கு நீளவாக்குல புது வெடிப்பு, மரம், போஸ்ட்டு சாஞ்சு நிக்கறது, நேத்து இல்லாத எடத்துல ஊத்து, தெளிவா வந்த ஊத்து கலங்கலா வர்றது, இல்ல திடீர்னு நின்னுபோறது. இதுல ஒண்ணு கண்ணுல பட்டாலும் முன்னுக்கு போக வேணாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் மழை தாண்டினா மஞ்சள், 100 தாண்டினா செம்மஞ்சள், 150 தாண்டினா சிவப்பு எச்சரிக்க குடுக்கும். மஞ்சள் வந்த அன்னைக்கே ஓரத்து ரோட்ட விட்டுருங்கன்னுதான் நான் சொல்லுவேன். கொஸ்லாந்தை மீரியபெத்தையில 2014 அக்டோபர் 29 காலையில மலை எறங்கி லயத்தோட (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) ஆளுங்கள மூடினது இதே மலைச்சரிவுலதான்.

திருப்ப எடம் இல்லன்னா லோ ரிவர்ஸ்ல, ஒருத்தர் மலைப்பக்கமா பின்னால நடந்து கை காட்ட, அப்படியே பின்னுக்கு போங்க. கடைசியா தாண்டி வந்த லயத்துக்கிட்ட நிப்பாட்டி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117ல எந்தத் தோட்டம், எந்த நம்பர் மலைன்னு சொல்லுங்க. லயத்து ஆளுங்ககிட்டயும் நேர்ல போய் சொல்லுங்க, மேல வெடிப்பு விழுந்தது அவங்களுக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது.